கப்பல் ஏறப் போறீங்களா, டாக்டர்?

இந்த வாரம் தபால்ல வந்த ஒரு கேள்வியில இருந்தே ஆரம்பிச்சிடலாம். எழுதியிருக்கிறவங்க தூத்துக்குடியில ஹவுஸ் சர்ஜன். பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்காங்க, போடலை.

'கூடப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் எப்பப் பார்த்தாலும் பிளாப், பிளாப்னு பேசிட்டிருக்காங்க. மீதிப் பேர் பி.ஜி. நீட்டுக்குப் படிக்கிறாங்க. எங்க அப்பா உப்பளத்துல கணக்கப்பிள்ளை. அக்கா கல்யாணக் கடனே இன்னும் முடியலை. இங்கிலாந்து போயிட்டா ரெண்டே வருஷத்துல எல்லாத்தையும் அடைச்சிடலாம்னு ஒருத்தர் சொல்றார். போகலாமா, வேண்டாமா? ஒரு வரியில பதில் சொல்லுங்க.'

போகலாம், ஆனா கணக்குப் போட்டுட்டுப் போங்க. அதுதான் ஒரு வரி. ஆனா அந்த ஒரு வரி பத்தாது டாக்டரம்மா. அதனால இந்த வாரப் பக்கம் முழுக்க உங்களுக்குத்தான். உங்க ஜூனியர்களும் கூட உட்கார்ந்து படிக்கட்டும்.

முதல்ல மாதிரி எடுங்க!

தூத்துக்குடிக்காரங்களுக்குக் கடல் தாண்டுறது புதுசா என்ன? 1906-ல வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சு கொழும்புக்குக் கப்பல் விட்ட ஊராச்சே! அதே ஊர்ல முத்துக்குளிப்புன்னு ஒண்ணு இருந்துச்சு. கடைசியா 1961-ல நடந்ததோட சரி. அந்தத் தொழில்ல ஒரு நல்ல பழக்கம் உண்டு. பாருல சிப்பி நிறைய இருக்குன்னு கேள்விப்பட்ட உடனே எல்லாரையும் கடல்ல குதிக்க விட மாட்டாங்க. முதல்ல கொஞ்சம் சிப்பி எடுத்து வந்து, திறந்து, எத்தனை முத்து தேறுது, அது என்ன விலை போகும்னு மதிப்புப் போடுவாங்க. கட்டுபடியானாத்தான் அந்த வருஷம் குளிப்பு உண்டுன்னு அறிவிப்பு வரும்.

வெளிநாட்டு வேலைக்கும் இதே விதிதான். சீனியர் ஒருத்தர் போய் நல்லா இருக்கார்ங்கிறது ஒரே ஒரு சிப்பி. அதை வெச்சு மொத்தப் பாரையும் எடை போடாதீங்க.

பிளாப்... என்ன, எப்படி?

இங்கிலாந்துல டாக்டரா வேலை பார்க்கணும்னா அங்குள்ள ஜெனரல் மெடிக்கல் கவுன்சில்ல, அதாவது ஜி.எம்.சி.யில பதிவு பண்ணணும். வெளிநாட்டுல எம்.பி.பி.எஸ். முடிச்சவங்களுக்கு அதுக்கான பொது வழிதான் பிளாப்.

முதல் படி, இங்கிலீஷ். ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக்ல மொத்தத்துல 7.5 வேணும். எழுத, படிக்க, கேட்க, பேசன்னு நாலுலயும் தனித்தனியா 7-க்குக் குறையக் கூடாது. அதுவும் ஒரே தடவையில! அதுக்குப் பதிலா டாக்டர்களுக்கான ஓ.இ.டி. எழுதி நாலுலயும் 'பி' கிரேடு வாங்கினாலும் சரி. நம்ம பசங்க பலருக்கு ஐ.இ.எல்.டி.எஸ்.ல இடிக்கிறது எழுத்துத் தேர்வுதான். ஓ.இ.டி.யில நோயாளியைப் பத்தி ரெஃபரல் லெட்டர் மாதிரி எழுதச் சொல்றதால, அது சுலபம்னு பலரும் இப்ப அந்தப் பக்கம் போறாங்க.

ரெண்டாவது, பிளாப் 1. மூணு மணி நேரத்துல 180 கேள்வி. சென்னையிலயே எழுதலாம். மூணாவது, பிளாப் 2. இதுக்கு மான்செஸ்டருக்கே போகணும், வேற இடம் கிடையாது. ஒவ்வொரு அறையிலயும் ஒரு 'நோயாளி' நடிச்சிட்டு உட்கார்ந்திருப்பார். எட்டு நிமிஷம் பேசி, பரிசோதிச்சு, விளக்கணும். நீங்க என்ன தெரிஞ்சு வெச்சிருக்கீங்கங்கிறதுக்கு மட்டுமில்லை, அதை எப்படிச் சொல்றீங்கங்கிறதுக்கும் மார்க் உண்டு. இந்தத் தேர்வுக் கட்டணம் மட்டுமே கிட்டத்தட்ட ஆயிரம் பவுண்ட். விசா, விமான டிக்கெட், பயிற்சி, தங்கல் எல்லாம் சேர்த்தா மொத்தச் செலவு பல லட்சத்துல வந்து நிக்கும்.

நடுவுல உங்க எம்.பி.பி.எஸ். சான்றிதழ் நிஜம்தானான்னு அமெரிக்காவுல இருக்கிற 'எபிக்' சேவை மூலமா சரிபார்ப்பாங்க. மெடிக்கல் கவுன்சில் பதிவு, நன்னடத்தைச் சான்றிதழ் எல்லாம் கையில தயாரா இருக்கட்டும். ஒரு கோப்புல உங்க இனிஷியல் முன்னாடி, இன்னொண்ணுல பின்னாடின்னு இருந்தாலே மாசக்கணக்குல இழுக்கும். நம்ம ஊர்ல இது ரொம்ப சகஜம். பாஸ்போர்ட்டுல பேர் எப்படி இருக்கோ, அப்படியே எல்லாத்துலயும் இருக்கிற மாதிரி இப்பவே சரி பண்ணிடுங்க.

பாஸ் பண்ணிட்டா வேலை ரெடியா?

இங்கதான் நிறையப் பேர் சறுக்குறாங்க. பிளாப் பாஸ்ங்கிறது வேலை கேட்கிறதுக்கான தகுதி மட்டும்தான். வேலைக்கான உத்தரவாதம் இல்லை.

இதுக்கு ஒரு பழைய கதை உண்டு. 2000-ங்கள்ல பிளாப் எழுத நம்ம டாக்டர்கள் கூட்டம் கூட்டமா லண்டன் போனாங்க. ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரே அறையில நாலு பேர், அஞ்சு பேர்னு தங்கி, பாஸும் பண்ணிட்டு, ஒரு வேலைக்கு நூத்துக்கணக்குல போட்டி போட்டாங்க. அப்ப வந்துச்சு 2006. அதுவரைக்கும் வொர்க் பர்மிட் இல்லாமலே அங்க பயிற்சியில சேரலாம்ங்கிற சலுகை இருந்துச்சு. அந்த வருஷம் ஏப்ரல்ல அதை எடுத்துட்டாங்க. முதல்ல உள்ளூர், ஐரோப்பிய டாக்டர்கள், அதுக்கப்புறம்தான் மத்தவங்கன்னு ஆயிடுச்சு. கடன் வாங்கிப் போனவங்க நடுத்தெருவுல நின்னாங்க.

இந்திய வம்சாவளி டாக்டர்களோட சங்கமான பாப்பியோ கோர்ட்டுக்குப் போச்சு. ஏற்கெனவே அங்க உயர் திறன் விசாவுல இருந்த டாக்டர்களைப் பின்னுக்குத் தள்ளின சுகாதாரத் துறை வழிகாட்டுதல் செல்லாதுன்னு 2008 ஏப்ரல்ல ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் தீர்ப்பு சொல்லிச்சு. ஜெயிச்சாச்சு... ஆனா அதுக்குள்ள எத்தனையோ பேர் மூட்டை கட்டிட்டுத் திரும்பியிருந்தாங்க. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி ஆரம்பிச்சது 2000-ல. அஞ்சரை வருஷம் கூட்டிப் பாருங்க. அந்தக் கல்லூரியோட முதல் செட் வெளியில வந்த சமயமும் கதவு சாத்தின சமயமும் ஏறக்குறைய ஒண்ணு!

அப்புறம் 2018-ல டாக்டர்களுக்கு விசா உச்சவரம்பை நீக்கினாங்க. கதவு மறுபடி திறந்துச்சு. கொரோனாவுக்கு அப்புறம் பெரிய அலையே போச்சு. இப்ப அலை மறுபடி இறங்குமுகம். 2025-ல ஸ்பெஷாலிட்டி பயிற்சியில இருந்த பத்தாயிரம் சொச்சம் இடங்களுக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல விண்ணப்பிச்சாங்க. அந்த வருஷம் ஜூலையில வந்த பத்தாண்டுத் திட்டத்துல, இங்கிலாந்துல படிச்சவங்களுக்கும் என்.ஹெச்.எஸ்.ல கணிசமான காலம் வேலை பார்த்தவங்களுக்கும் முன்னுரிமைன்னு அரசாங்கமே சொல்லிடுச்சு.

அப்போ போகவே கூடாதா? அப்படிச் சொல்லலை. பிளாப் 1 எழுதுறதுக்கு முன்னாடி என்.ஹெச்.எஸ். ஜாப்ஸ் தளத்துல மூணு மாசம் தினமும் மேயுங்க. உங்க தகுதிக்கு எத்தனை வேலை வருது, எவ்வளவு சீக்கிரம் மூடுது, 'இங்கிலாந்து அனுபவம் தேவை'ன்னு எத்தனையில போட்டிருக்கு... நோட்டுல எழுதுங்க. அதுதான் உங்க மாதிரிச் சிப்பி!

மத்த கரைகள்

அமெரிக்கா: யு.எஸ்.எம்.எல்.இ. ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சி.கே., அப்புறம் 'மேட்ச்'. ஸ்டெப் 1-க்கு 2022-ல இருந்து மார்க் கிடையாது, பாஸா ஃபெயிலா மட்டும்தான். மருத்துவக் கல்லூரிகளுக்கான உலக அங்கீகாரத்தை நம்ம தேசிய மருத்துவ ஆணையம் 2023 செப்டம்பர்ல வாங்கிடுச்சு, அதனால அந்தத் தலைவலி இல்லை. ஜே-1 விசாவுல போனா, பயிற்சி முடிச்சதும் ரெண்டு வருஷம் ஊர்ல இருக்கணும். இல்லைன்னா டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில வேலை பார்த்து விலக்கு வாங்கணும். புது ஹெச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம்னு 2025 செப்டம்பர்ல அறிவிச்சதை மறந்துடாதீங்க.

ஜெர்மனி: படிப்புக் கட்டணம் பயமில்லை, பாஷைதான் பரீட்சை. பொது ஜெர்மன் பி2, அதுக்கு மேல மருத்துவ ஜெர்மன் சி1. வேலைக்குப் போற மாதிரி தினமும் உட்கார்ந்து படிச்சாலும் ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்.

வளைகுடா: டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு, ப்ரோமெட்ரிக் தேர்வு. ஹவுஸ் சர்ஜன் முடிச்ச கையோட போக முடியாது, பெரும்பாலும் அனுபவம் கேட்பாங்க. கடனை அடைக்க நல்ல இடம். ஆனா அங்க போய் பி.ஜி. பண்ணலாம்னு கணக்குப் போடாதீங்க.

எதிர்த்திசைப் பயணம்

இங்க இருந்து ரஷ்யா, சீனா, பிலிப்பைன்ஸ், ஜார்ஜியான்னு எம்.பி.பி.எஸ். படிக்கப் போயிட்டு வர்றவங்க கதை இன்னும் கஷ்டம். அவங்களும் 'வெளிநாட்டுல படிச்ச டாக்டர்'தான். வேலை தேடுற நாடு மட்டும் சொந்த நாடு! 2002-ல இருந்து அவங்களுக்கு எஃப்.எம்.ஜி.இ. தேர்வு இருக்கு. 300 கேள்வியில 150 எடுக்கணும். பல தடவை எழுதினவங்கள்ல அஞ்சுல ஒரு பங்குதான் தேறியிருக்காங்க. 2021 நவம்பர் விதிகளின்படி படிப்பு 54 மாசத்துக்குக் குறையக் கூடாது, இங்கிலீஷ் மீடியமா இருக்கணும், அங்க ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், இங்க வந்து இன்னொரு வருஷம். 2022-ல உக்ரைன்ல குண்டு விழுந்தப்ப பாதிப் படிப்போட ஓடி வந்த பிள்ளைங்களுக்கு இந்த ஒவ்வொரு விதியும் ஒரு சுவரா நின்னுச்சு. பிளஸ் டூ படிக்கிற தம்பி தங்கச்சி இருந்தா, ஏஜென்ட் ஆபீஸுக்குப் போறதுக்கு முன்னாடி இந்தப் பத்தியைப் படிக்கக் கொடுங்க.

ஏஜென்ட் அண்ணாச்சி உஷார்!

இங்கிலாந்து அரசோட விதிப்படி, என்.ஹெச்.எஸ்.க்கு ஆள் எடுக்கிற ஏஜென்சி வேலை வாங்கித் தர்றதுக்காக டாக்டர்கிட்ட காசு வாங்கக் கூடாது. 'அஞ்சு லட்சம் கொடுங்க, ஆர்டர் கையில'ன்னு யாராவது சொன்னா, எழுந்து வந்துடுங்க. இந்தியாவுல பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதோட ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். பதிவு எண் இருக்கான்னு இ-மைக்ரேட் தளத்துல பாருங்க. வளைகுடா வேலைக்குத் தமிழக அரசே நடத்துற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில இருக்கு. முதல்ல அங்க விசாரிங்க.

எதிர்க்கரை சொல்ற பாடம்

நம்ம கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்துக்கு 1847-ல ஒரு அமெரிக்க டாக்டர் வந்தார். பேர் சாமுவேல் கிறீன். மானிப்பாய்ல ஆஸ்பத்திரி நடத்தினார், தமிழ் படிச்சார், மருத்துவப் புத்தகங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார், அறுபதுக்கும் மேல உள்ளூர் டாக்டர்களை உருவாக்கினார். முதல்ல இங்கிலீஷ்லதான் பாடம் நடத்தினார். அப்புறம் தமிழுக்கு மாத்தினார். இங்கிலீஷ்ல படிச்சவங்க அரசாங்க வேலை தேடிப் போயிடுறாங்க, தமிழ்ல படிச்சா ஊரோட இருப்பாங்கங்கிறது அவர் கணக்கு. பாருங்க, டாக்டர்கள் ஊரை விட்டுப் போற கவலைக்கு ஒன்றரை நூற்றாண்டு வயசு!

அவர்கிட்ட எடுத்துக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, போற ஊர் நோயாளியோட பாஷை தெரியாம எந்த டிகிரியும் வேலைக்கு ஆகாது. பிளாப் 2 சோதிக்கிறதும் அதைத்தான். ரெண்டு, ஊர்ல இருக்கிறதும் ஒரு நல்ல வழிதான், தோத்துப்போனதுக்கு அடையாளம் இல்லை. எம்.ஆர்.பி. மூலமா அரசு வேலையில சேர்ந்து, ஆரம்ப சுகாதார நிலையத்துல சர்வீஸ் போட்டா, தமிழ்நாட்டுல மாநில ஒதுக்கீட்டு பி.ஜி. இடங்கள்ல பாதி அரசு டாக்டர்களுக்குன்னு இருக்கு. பவுண்டுக் கணக்குப் போடும்போது இந்தக் கணக்கையும் பக்கத்துலயே போடுங்க.

கயிறு யார் கையில?

முத்துக்குளிக்கிறவர் கல்லைக் கட்டிட்டு இறங்குவார். மேல தோணியில கயிற்றைப் பிடிச்சிட்டு இருக்கிறது பெரும்பாலும் அவர் மச்சான்னு கடற்கரையில சொல்வாங்க. தங்கச்சி தாலியை நினைச்சாவது கயிற்றை விட மாட்டான்ங்கிற நம்பிக்கை!

டாக்டரம்மா, உங்க கயிறு யார் கையில? 'ரெண்டு வருஷத்துல கடன் அடைஞ்சிடும்'னு சொன்ன அந்த ஒருத்தர் கையில கொடுக்காதீங்க. அவர் தோணியிலயே இல்லை. பிளாப் பாஸ் பண்ணி வேலை இல்லாம ஒரு வருஷம் ஓடினாலும் வீடு தாங்குமான்னு அப்பாகிட்ட உட்கார்ந்து பேசுங்க. உப்பளத்துக் கணக்கு எழுதுறவர், மழை வந்தா என்ன ஆகும்னு உங்களைவிட நல்லாவே தெரிஞ்சவர். அந்த ஒரு வருஷத்தைத் தாங்கும்னா, தைரியமா எழுதுங்க. தாங்காதுன்னா, ரெண்டு வருஷம் இங்க வேலை பாருங்க, கடனைக் குறைங்க, அனுபவச் சான்றிதழ் சேருங்க, அப்புறம் எழுதுங்க. எம்.பி.பி.எஸ். டிகிரிக்குக் காலாவதித் தேதி கிடையாது. ஐ.இ.எல்.டி.எஸ். மார்க்குக்குத்தான் ரெண்டு வருஷக் கெடு. அதனால அதை மட்டும் அவசரப்பட்டு முதல்ல எழுதி வெச்சிடாதீங்க!