ஒரே படகு, ஒரே பாய்.. ஒரு புள்ளியில் கைமாறிய வெள்ளி! பாய்மரப் போட்டியில் இவ்வளவு நெருக்கம் எப்படி வருது?

34, 33. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் தமிழ்நாட்டு வீரர் விஷ்ணு சரவணனின் வெள்ளிப் பதக்கம் நழுவியது.

2023 செப்டம்பர் இறுதி. சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி. ஐ.எல்.சி.ஏ-7 என்ற பாய்மரப் படகுப் பிரிவில் சிங்கப்பூரின் ரயான் லோ 26 புள்ளிகளோடு தங்கம் வென்றார். தென் கொரியாவின் ஹா ஜீ-மின் 33. விஷ்ணு 34. இங்கே புள்ளி குறைவாக இருப்பவர்தான் மேலே. ஒரே ஒரு புள்ளியில் வெள்ளி கொரியாவுக்குப் போனது, விஷ்ணுவுக்கு வெண்கலம்.

அதற்கு முந்தைய நாள் இதே கணக்கு இந்தியாவுக்குச் சாதகமாக விழுந்திருந்தது. பெண்களுக்கான ஐ.எல்.சி.ஏ-4 பிரிவில் 17 வயது நேஹா தாக்கூர் 27 புள்ளிகளோடு வெள்ளி வென்றார். வெண்கலம் வாங்கிய சிங்கப்பூர் வீராங்கனைக்கு 28. அங்கேயும் வித்தியாசம் ஒன்றுதான்.

பல நாள், பல பந்தயம், கடலில் மணிக்கணக்கான ஓட்டம். எல்லாம் முடிந்து பார்த்தால் ஒரு புள்ளி. இது தற்செயலா? இல்லை. இப்படி முடியவேண்டும் என்றே அமைக்கப்பட்ட விளையாட்டு இது. இதைப் புரிந்துகொள்ள கடற்கரையில் பிறந்திருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் கடலே தெரியாத கயத்தாறு, கோவில்பட்டி பக்கத்து கரிசல்காட்டுக்காரர்களுக்கு இதில் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும்.

'ஒன் டிசைன்' என்றால் என்ன?

தூத்துக்குடி மாவட்டத்தில் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பெரிய மாட்டு வண்டியையும் பூஞ்சிட்டு வண்டியையும் ஒன்றாக ஓடவிட மாட்டார்கள். பெரிய மாடு தனி, சின்ன மாடு தனி, பூஞ்சிட்டு தனி. ஏன்? மாட்டின் அளவே வெற்றியை முடிவு செய்துவிட்டால் சாரதிக்கு என்ன வேலை?

பாய்மரப் படகில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். ஒரு பிரிவில் ஓடும் படகுகள் எல்லாமே ஒரே வடிவம், ஒரே நீளம், ஒரே எடை, ஒரே அளவு பாய். இதுதான் ஒன் டிசைன். பணக்காரர் வேகமான படகைக் கட்டிக்கொண்டு வந்து ஜெயிக்க முடியாது. ஒலிம்பிக்கில் ஐ.எல்.சி.ஏ வீரர்களுக்குப் படகையே போட்டி நடத்துபவர்கள்தான் கொடுக்கிறார்கள். சொந்தப் படகுக்கே இடமில்லை.

ஐ.எல்.சி.ஏ என்றால் புதிதாகத் தெரியலாம். 'லேசர்' என்ற பெயரில் 1970-களிலிருந்து உலகம் முழுக்க ஓடுகிற படகுதான். வணிகப் பெயர் தகராறில் 2019-ல் பெயர் மாறியது. படகின் நீளம் சுமார் 4.2 மீட்டர், வெறும் உடல் எடை 59 கிலோ. 4, 6, 7 என மூன்று பிரிவு இருந்தாலும் மூன்றுக்கும் படகு ஒன்றுதான். பாயின் அளவு மாறும்: 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர். எடை குறைந்தவர்களுக்குச் சின்னப் பாய். பூஞ்சிட்டு, சின்ன மாடு, பெரிய மாடு கதைதான்.

இதே விதியில் ஓடும் பெரிய படகுகளும் உண்டு. அவற்றுக்குக் கீல் படகு என்று பெயர். படகின் அடியில் கனமான இரும்பு அல்லது ஈயத்தை நிரந்தரமாகப் பொருத்தியிருப்பார்கள், அதுதான் கீல். காற்று பாயைச் சாய்த்தாலும் அந்தக் கனம் படகை நிமிர்த்தும். ஐ.எல்.சி.ஏ-வில் அந்தக் கனம் கிடையாது. ஓட்டுபவர் தன் உடம்பை வெளியே தொங்கவிட்டுத்தான் படகை நிமிர்த்தவேண்டும். ஜே/24, ஜே/80, ஸ்டார் எல்லாம் கீல் படகு வகுப்புகள். ஸ்டார் 1911-லிருந்து ஓடுகிறது. சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் தொடங்கியதும் அதே வருஷம்தான்.

எல்லாம் ஒன்றென்றால் யார் ஜெயிப்பது?

காற்றைப் படிக்கத் தெரிந்தவர்.

நான்கு வழிச்சாலையில் கயத்தாறைக் கடக்கும்போது இருபுறமும் காற்றாலைகள் தெரியும். தேசிய காற்றாலை ஆற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையமே கயத்தாறில் இருக்கிறது. ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்கள் வழியாக வரும் காற்று அப்படி. கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். காற்று ஒரே திசையில் நிற்பதில்லை. கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று மாறிக்கொண்டே இருக்கும். காற்றாலைத் தலையும் அதற்கேற்பத் திரும்பும்.

பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. சுமார் 45 டிகிரி சாய்வில் ஒரு பக்கம் போய், திரும்பி மறுபக்கம் சாய்ந்து, வளைந்து வளைந்துதான் எதிர்க்காற்றில் முன்னேறும். இங்கேதான் ஆட்டம் மாறுது. இரண்டு படகுகள் பக்கவாட்டில் 100 மீட்டர் தள்ளிப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். காற்று 10 டிகிரி திரும்பினால், அது திரும்பிய பக்கம் இருக்கும் படகுக்குச் சுமார் 25 மீட்டர் லாபம். ஆறு படகு நீளம்! எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே கணித்தவர் உட்கார்ந்த இடத்திலேயே ஆறு படகு முன்னால் போய்விடுவார்.

காற்றாலை வைப்பவர்கள் ஒன்றுக்கு நேர் பின்னால் நெருக்கமாக இன்னொன்றை வைக்க மாட்டார்கள். முன்னால் இருக்கும் இறக்கை காற்றின் சக்தியை எடுத்துக்கொள்ளும், பின்னால் இருப்பதற்குக் கலங்கிப்போன, பலம் குறைந்த காற்றுதான் கிடைக்கும். பாயும் அப்படித்தான். முன்னால் போகிற படகு தன் பாயால் பின்னால் வருபவருக்குக் காற்றைக் கெடுக்கலாம். எதிராளி திரும்பினால் நாமும் திரும்பி, அவர் எங்கே போனாலும் அவர் தலைமேல் நம் கெட்ட காற்றை விழவைப்பது ஒரு முழு உத்தி. விதிப்படி இதில் தப்பே இல்லை.

காற்றோடு போகும் சுற்றில் இதே கதை தலைகீழ். அங்கே புதுக்காற்று முதலில் பின்னால் வருபவரைத்தான் தொடும். அதனால்தான் பாதி வழியில் 'இவர் ஜெயிச்சாச்சு' என்று யாரும் சொல்வதில்லை.

ஐந்து நிமிடத்தில் பாதிப் பந்தயம்

ஓட்டப்பந்தயம் மாதிரி கோட்டில் நின்று கிளம்ப முடியாது, படகு தண்ணீரில் நிற்காதே. ஐந்து நிமிடம் முன்பே சத்தத்தோடு கொடி ஏறும். நான்கு நிமிடத்தில் இன்னொரு கொடி, ஒரு நிமிடத்தில் அது இறங்கும், பிறகு கிளம்பல். அதுவரை எல்லாப் படகும் கோட்டுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி இடம் பிடிக்கும். பூஜ்யம் வரும்போது முழு வேகத்தில் கோட்டில் இருக்கவேண்டும். ஒரு விநாடி முந்தினால் திரும்பிப் போய் மறுபடி கிளம்ப வேண்டும். கறுப்புக் கொடி ஏற்றப்பட்ட பந்தயத்தில் கடைசி நிமிடத்தில் முந்தினால் திரும்பிவர வாய்ப்பே இல்லை, நேராகத் தகுதிநீக்கம். ஒரு விநாடி பிந்தினால்? முன்னால் இருப்பவர்களின் கெட்ட காற்றில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

வழி யாருக்கு என்பதற்கும் விதி உண்டு. காற்று வலது பக்கத்திலிருந்து படும் படகுக்கு, இடது பக்கத்திலிருந்து படும் படகு வழிவிட வேண்டும். தவறு செய்தவர் அங்கேயே இரண்டு முழுச் சுற்று சுற்றித் தண்டனையைக் கழிக்க வேண்டும். ஒப்புக்கொள்ளவில்லையா? கரைக்கு வந்ததும் விசாரணை. தண்ணீரில் கிடைத்த இடம் அறைக்குள் பறிபோவதும் நடக்கும்.

அந்த ஒரு புள்ளி எங்கிருந்து வருது?

முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2, பத்தாமிடத்துக்கு 10. எல்லாப் பந்தயத்தையும் கூட்டி, அதில் மோசமான ஒன்றைக் கழித்துவிடுவார்கள். ஹாங்சோவில் நேஹா 11 பந்தயம் ஓடினார். மொத்தம் 32 புள்ளி, மோசமான ஒன்றுக்கு 5. அதைக் கழித்தால் 27. அதாவது 11 பந்தயத்தில் ஒன்றில்கூட அவர் ஐந்தாமிடத்துக்குக் கீழே போகவில்லை. தங்கம் வென்ற தாய்லாந்து வீராங்கனைக்கு 16 புள்ளி, எட்டிப்பிடிக்க முடியாத தூரம். ஆனால் வெள்ளியைக் காப்பாற்றியது இந்த நிதானம்தான். ஒரு பந்தயத்தில் முதலிடம், அடுத்ததில் பன்னிரண்டு என்று ஆடுபவருக்கு இந்தக் கணக்கு இரக்கம் காட்டாது.

விஷ்ணு கணக்கில் சேர்ந்த ஏதாவது ஒரு பந்தயத்தில் இன்னும் ஒரே ஒரு படகை முந்தியிருந்தால் 33-33 என்று சமன் ஆகியிருக்கும். அப்போது யாருக்கு முதலிடங்கள் அதிகம் என்று பார்த்திருப்பார்கள். ஒரு படகு என்றால் சில நேரம் ஒரு கை நீளம்தான்.

இதற்கு ஸ்டார் கீல் படகுகளில் நடந்ததைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. லண்டன் ஒலிம்பிக், 2012 ஆகஸ்ட் 5, வேமவுத் கடல். கடைசிப் பதக்கப் பந்தயத்துக்கு முன் பிரிட்டனின் இயன் பெர்சி - ஆண்ட்ரூ சிம்ப்சன் ஜோடிக்கு 18 புள்ளி, பிரேசிலுக்கு 26, ஸ்வீடனுக்கு 30. நடப்பு சாம்பியன்கள், சொந்த நாட்டுக் கடல், 8 புள்ளி முன்னிலை. தங்கம் உறுதி என்றே நினைத்தார்கள். ஆனால் பதக்கப் பந்தயத்தில் புள்ளி இரட்டிப்பு, கழிக்கவும் முடியாது. ஸ்வீடன் முதலிடம், அதற்கு 2 புள்ளி. பிரிட்டன் எட்டாமிடம், அதற்கு 16. முடிவு: ஸ்வீடன் 32, பிரிட்டன் 34, பிரேசில் 40. அந்தப் பந்தயத்தோடு ஸ்டார் வகுப்பும் ஒலிம்பிக்கை விட்டுப் போனது. அதன் பிறகு ஒலிம்பிக்கில் கீல் படகுகளே கிடையாது.

படகு சமம்.. வாய்ப்பு?

நேஹா தாக்கூர் கடற்கரைப் பெண் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்து விவசாயக் குடும்பம். மால்வா பீடபூமி, அதுவும் கரிசல் மண்தான். கடல் அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர். அவர் படகு பழகியது போபாலின் பெரிய ஏரியில், அங்கிருக்கும் தேசிய பாய்மரப் படகுப் பள்ளியில். ஹைதராபாத்திலும் ஹுசேன் சாகர் ஏரியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பழகி தேசிய அளவில் பதக்கம் வாங்கியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில்? பெயர் சொல்லும் அளவுக்கு வந்தவர்கள் நிறைய. 2020-ல் மியாமி உலகக் கோப்பைத் தொடரில் வெண்கலம் வென்ற நேத்ரா குமணன், ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பாய்மர வீராங்கனை. 2018 ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்ற கே.சி.கணபதி - வருண் தாக்கர் ஜோடியும் சென்னைதான். பயிற்சி வசதி பெரும்பாலும் சென்னைத் துறைமுகத்தை ஒட்டியே நின்றுவிட்டது. விஷ்ணு ராணுவத்தின் மும்பை மையம் வழியாக மேலே வந்தவர். டோக்கியோவில் 20-வது இடம், பாரிஸில் 18. நேத்ரா டோக்கியோவில் 35-லிருந்து பாரிஸில் 21-க்கு ஏறினார்.

ஒன் டிசைன் படகைச் சமமாக்கும். ஆனால் வெளிநாட்டுப் பயிற்சியாளர், ஐரோப்பாவில் மாதக்கணக்கான பந்தயங்கள், விமானச் செலவு இதையெல்லாம் சமமாக்காது. நேத்ரா ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவு வரை போய்ப் பயிற்சி எடுத்தார். பெரிய கூட்டமாகக் கிளம்பும் அந்த நெருக்கம் இந்தியாவில் எளிதில் கிடைக்காது. கூட்டத்தில் ஓடிப் பழகாதவருக்கு முதல் ஐந்து நிமிடமே கண்ணைக் கட்டிவிடும்.

கயத்தாறு பையன் படகோட்ட முடியுமா?

கேள்வி விளையாட்டாகத் தெரியலாம். ஆனால் பக்கத்து ஊர் கோவில்பட்டி ஹாக்கி ஊரானதும் யாரும் எதிர்பார்த்ததில்லை. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர்போன ஊர், செயற்கைப் புல்தளமும் அரசு விடுதியும் வந்த பிறகு இந்திய அணிக்கே ஆள் அனுப்பியது.

படகு விஷயத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கு. கரிசல் பூமியில் காற்று இருக்கும்போது தண்ணீர் இருக்காது, தண்ணீர் இருக்கும்போது அந்தக் காற்று இருக்காது. ஆடியில் காற்று பிய்த்துக்கொண்டு போகும், கண்மாய் வறண்டு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறையும்போது மேல்காற்று ஓய்ந்திருக்கும். போபால் ஏரிக் கதை இங்கே அப்படியே எடுபடாது.

மிச்சம் இருப்பது தூத்துக்குடி. கயத்தாறிலிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர், பஸ் போகிற தூரம். அங்கே ஆடி மேல்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அதனால் கரையோரம் அலை குறைவு, காற்று மட்டும் பலம். புதிதாகப் பழகுபவர் கடலுக்குள் அடித்துச் செல்லப்படாமல் இருக்க ஒரு மோட்டார் மீட்புப் படகு கட்டாயம் வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் தொண்டிப் பக்கத்து மீனவக் கிராமங்களில் திருவிழாவுக்குப் பாய்மரப் படகுப் போட்டி இன்றும் நடக்கிறது. பாய் கட்டத் தெரிந்த கைகளுக்கு இந்தக் கடற்கரையில் பஞ்சமில்லை. பத்துச் சின்னப் படகு, ஒரு மீட்புப் படகு, ஒரு பயிற்சியாளர், பிள்ளைகள் தங்க ஒரு விடுதி. கோவில்பட்டி ஹாக்கிக்குச் செய்ததைவிட இது பெரிய செலவாக இருக்க வாய்ப்பில்லை.