காக்கிச் சட்டைக்கும் கணக்கு வேண்டும்

யாழ்ப்பாணம் போய்த் திரும்பும் வழியில், அரியாலையில் கண்டி வீதியோரம் எங்கள் வேனை ஒரு பொலிஸ்காரர் மறித்தார். சாரதியின் லைசனைப் பார்த்துவிட்டு, "அட்டன் பக்கமா?" என்று நம் தோட்டத்துத் தமிழிலேயே கேட்டார். லயத்தில் பிறந்த பிள்ளை. முதல்நாள் மாலை தொடங்கிய கடமை மறுநாள் மத்தியானமாகியும் முடியவில்லையாம். "கூடுதல் மணித்தியாலத்துக்கு என்ன தருவாங்க தம்பி?" என்று கேட்டோம். சிரித்தார். "யார்கிட்ட கேக்கிறது அண்ணே? எங்களுக்குத்தான் சங்கம் இல்லையே."

வேனில் இருந்த சிலருக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. பொலிசுக்காக நாமா பேசுவது? நியாயமான கேள்விதான். 1940இல் முல்லோயாவில் கோவிந்தனைச் சுட்டது பொலிஸ். 1977இல் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணனைச் சுட்டதும் பொலிஸ். அரியாலை மக்களோ சித்துபாத்தி மயானத்தில் தோண்டத் தோண்ட வந்த எலும்புக்கூடுகளைப் பார்த்தவர்கள். சீருடையைப் பற்றி அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இதில் எதையும் நாங்கள் மறக்கவில்லை. சுட்டவன் கூண்டில் ஏறத்தான் வேண்டும். ஆனால் வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்காமல் விடுவது அதற்குத் தண்டனை ஆகாது. அது அரசாங்கத்துக்கு லாபம், அவ்வளவுதான்.

நமக்குச் சம்பள நிர்ணய சபை இருக்கிறது. கடைச் சிப்பந்திக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. பொலிஸ்காரருக்கு இந்த இரண்டும் பொருந்தாது. 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் அவரைச் சங்கத்தில் சேரவும் விடாது. வெள்ளைக்காரன் போட்ட பூட்டு. அவன் போய் இத்தனை வருஷமாகியும் திறக்க எவரும் சாவி தேடவில்லை.

அமெரிக்காவில் கதை வேறு. 1985இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், மாநில, நகர ஊழியர்களுக்கும் மேலதிக நேரச் சட்டம் செல்லும் என்றது. பொலிசுக்கு 28 நாளில் 171 மணித்தியாலம். அதைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு. உடனே பாலும் தேனும் ஓடவில்லை. சென் லூயிஸ் நகரப் பொலிஸ் சார்ஜன்ட்கள் வழக்குப் போட்டு, 1997இல் 'நீங்கள் நிர்வாகத் தரத்தவர்கள்' என்று தோற்றார்கள். டெக்சாஸில் ஒரு மாவட்டம், சேர்ந்துபோன மணித்தியாலங்களுக்குக் காசு கொடுக்க நேரும் என்று பயந்து, கட்டாய லீவில் போ என்றது. 2000இல் நீதிமன்றம் அதற்கும் தலையாட்டியது. தோற்றாலும், மணித்தியாலம் அங்கே எழுத்தில் இருந்தது. அதனால் வழக்காவது பேச முடிந்தது.

நீதிமன்றம் யாருக்கு வேகமாகத் திறக்கும் என்று நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024இல் 1,700 ரூபா வர்த்தமானியில் வந்ததும் கம்பனிகள் உயர் நீதிமன்றம் ஓடி, ஜூலையிலேயே இடைக்காலத் தடை வாங்கின. அந்தச் சண்டையில் நம் பக்கம் பேச ஆளிருந்தது, சங்கம் இருந்ததால். கொழுந்து நிறுக்கும்போது கிலோவை வெட்டினால் தராசடியில் நின்று சத்தம் போடுகிறோமே, அந்தச் சத்தம் போடக்கூட அந்தத் தம்பிக்கு வழியில்லை.

ஆகவே கேட்கிறோம்: பொலிஸ்காரரின் மணித்தியாலத்தைப் பதிவில் எழுதுங்கள், அதற்குக் காசு கொடுங்கள், சங்கம் வைக்க விடுங்கள். சங்கம் உள்ளவன் நம் வேலைநிறுத்தத்தை அடிக்கப் போகச் சொன்னால் ஒருதரமாவது யோசிப்பான். யோசிக்காமலும் போகலாம், அப்போது அவனோடும் சண்டைதான்.

அந்தத் தம்பியின் பெயரையும் தோட்டத்தையும் நாங்கள் எழுதவில்லை. எழுதினால் அடுத்த வாரமே அவருக்கு இடமாற்றம் வரும்.