குடலுக்கும் ஒரு கணக்கு உண்டு



ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், சுங்குவார்சத்திரம் வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்தும் நாம், தொழிற்சாலை ஷிப்டை அனுசரித்தே கடை திறந்து மூடுகிறோம். நமக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. டீ, பன், பிஸ்கட் என்று பொழுது கழிகிறது. ஆகவே பெருங்குடலில் உண்டாகும் 'பாலிப்' பற்றி நாம் பேசியே ஆகவேண்டும்.

பாலிப் என்பது பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி. பெரும்பாலானவற்றால் கெடுதல் இல்லை. சில வகை மட்டும் பத்தாண்டு, அதற்கு மேலும் எடுத்துக்கொண்டு மெல்லப் புற்றுநோயாக மாறும். பெரும்பாலும் வலி இருக்காது. கொலோனோஸ்கோப்பி பரிசோதனையில் கண்டால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடலாம்.

ஆபத்து ஒரு பக்கம் பரம்பரையாக வருகிறது. பெற்றோரிலோ உடன்பிறந்தோரிலோ ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் நமக்கு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. அபூர்வமாகச் சில குடும்பங்களில் ஏ.பி.சி. என்ற மரபணுவின் பழுதால் இளம் வயதிலேயே நூற்றுக்கணக்கில் பாலிப் முளைக்கும். அந்தப் பழுது பிள்ளைகளுக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணன் தம்பி சேர்ந்து கடை நடத்தும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். பாகப் பிரிவினையில் பைசா சுத்தமாகக் கணக்குப் பார்க்கும் நாம், அப்பா எந்த நோயில் இறந்தார் என்றால் 'வயிற்றுக் கோளாறு' என்று முடித்துவிடுகிறோம். இது சரியா?

மறுபக்கம் உணவு. ரயில்வே மருத்துவர் எஸ்.எல். மல்ஹோத்ரா 1970களில், பஞ்சாபியரைவிடத் தென்னிந்தியரிடம் பெருங்குடல் புற்றுநோய் அதிகம் என்று எழுதினார். அவர்கள் உணவில் நார்ச்சத்து மிகுதி, நம் உணவில் குறைவு என்பது அவர் சொன்ன காரணம். பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் அறிவித்தது. மது, புகை, உடல் பருமன் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும்.

இதைக் கேட்டவுடன் கம்பு மூட்டை மேல் 'புற்றுநோய் வராது' என்று அட்டை எழுதி வைத்துவிடக் கூடாது. பாலிப் அகற்றப்பட்ட சுமார் 2,000 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2000இல் வெளியானது. நார்ச்சத்து கூட்டி, கொழுப்பைக் குறைத்து நான்கு ஆண்டு சாப்பிட்டும், பாலிப் திரும்ப வருவது குறையவில்லை. ஆனால் பல ஆண்டுகள் மக்களைக் கவனித்த ஆய்வுகளில், முழுத் தானியம் உண்போருக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைவாகவே இருந்திருக்கிறது. தானியம் நல்ல உணவு, மருந்தல்ல. அப்படிச் சொல்லி விற்பதுதான் நாணயம்.

நம் கடைகளிலோ கம்பெனி ஸ்கீமுக்காக நூடுல்ஸும் மைதா பிஸ்கட்டும் முன்வரிசையில் நிற்கின்றன. கேழ்வரகு, கொள்ளு, தட்டைப்பயறு, கைக்குத்தல் அரிசி பின்கட்டில் கிடக்கின்றன. "ஓடாத சரக்கு, வண்டு விழும்" என்பீர்கள். உண்மைதான். மூட்டையாக வாங்காமல் ஐந்து, பத்து கிலோவாக எடுங்கள். கம்பு மாவு சீக்கிரம் கசக்கும். தானியமாகவே விற்பனை செய்யுங்கள். வட மாநிலத் தொழிலாளர் கோதுமை மாவு கேட்டால் தவிடு நீக்காத மாவைக் காட்டுங்கள். கண்ணில் படும் சரக்குதான் கைக்குப் போகும் என்பது நமக்குத் தெரியாததா?

கடைசியாக ஒன்று. மலத்தில் இரத்தம் போனால் மூலம் என்று நாமே தீர்மானித்து லேகியம் தேடக் கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். குடும்பத்தில் இந்நோய் இருந்தால், 40 வயதிலோ, அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னதாகவோ, எது முந்தியோ அப்போது பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, தூரம் அதிகமில்லை. ஒரு நாள் கடையைத் தம்பியிடம் விட்டுச் செல்வதால் வியாபாரம் படுத்துவிடாது. நாம் படுத்துவிட்டால்தான் கடை மூடும்.