சின்னக் காருக்கு எது முதல் செலவு?

"பிக்கப் இல்லண்ணே!" ஈப்போ வட்டாரப் பட்டறைகளுக்குள் நுழையும் சின்னக் கார்களில் பல இந்தப் புகாரோடுதான் வருகின்றன. ஜெலாப்பாங் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் நெடுஞ்சாலை மேட்டில் நான்கு பேரைச் சுமந்த ஆக்சியா மூச்சு வாங்குகிறது. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுகளில் பழைய மைவி இரண்டாம் கியரை விட்டு நகர மறுக்கிறது. காரோட்டி வருகிற இளைஞனுக்கு மருந்தாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் மூன்று: வாய் அகன்ற எக்ஸாஸ்ட், திறந்த எயர் ஃபில்டர், 16 அங்குல ரிம். பணம் கைமாறுகிறது, சத்தம் கூடுகிறது, மேட்டில் கார் பழையபடியே திணறுகிறது.

யாருடைய பணம் அது என்று பார்த்தால்தான் இந்த விஷயத்தின் கனம் புரியும். சுங்கை சிப்புட், செமோர், தஞ்சோங் ரம்புத்தான், கோப்பேங் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஒரு காலத்தில் வீடும் வேலையும் ஒரே இடத்தில் இருந்தன. விடியற்காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகக் கால்கள் போதும். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனையும் அடுக்கு வீடுகளும் வந்தன. அந்த லயன் வீடுகளில் வளர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு இன்று வேலை தாசேக்கிலும் சிலிபினிலும் மெங்லெம்புவிலும் இருக்கிறது. இரவு ஷிப்ட் முடியும் நேரத்துக்குப் பஸ் கிடையாது. ஆகவே கைமாறி வந்த கஞ்சில், அல்லது ஒன்பது வருடத் தவணையில் ஆக்சியா. 2025 பிப்ரவரி முதல் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளக்காரன் எக்ஸாஸ்டுக்கும் ரிம்முக்கும் ஆயிரம் வெள்ளி கொட்டினால், அரை மாத உழைப்புக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். அந்த உழைப்புக்கு ஈடாக அவனுக்குக் கிடைப்பது என்ன என்பதைப் பட்டறைக்காரர்கள் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

டர்போ இல்லாத எஞ்சின் வெளிக்காற்றின் அழுத்தத்தை மட்டுமே நம்பி மூச்சு விடுகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தில் எவ்வளவு காற்று தானாக வந்து நிரம்புகிறதோ, அதற்கு ஏற்ற அளவு பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். ஆக்சியாவின் 998 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் 68 குதிரைத்திறனும், 4,400 சுற்றில் 91 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. தொழிற்சாலையில் பொறியாளர்கள் ஏற்கெனவே பிழிந்தெடுத்த அளவு இது. கடையில் வாங்கி மாட்டும் பொருள்களால் இதற்கு மேல் கிடைப்பது ஓரிரு விழுக்காடு. கணினியில் எஞ்சின் நிரலை மாற்றினாலும் ஒற்றை இலக்கத்தைத் தாண்டுவது அரிது. கேமரன் மலையின் தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சுமார் 15 விழுக்காடு குறைவு. மலைக் குளிர் கொஞ்சம் ஈடுகட்டினாலும், 68 குதிரைத்திறன் 60 அளவுக்கு வந்துவிடும். மலை ஏறும்போது கார் இளைப்பதற்கு எஞ்சின் கோளாறு காரணமில்லை, காற்றுதான் காரணம் என்று தெரிந்தாலே பலர் பர்ஸைத் திறக்க மாட்டார்கள்.

திறந்த எயர் ஃபில்டர் விஷயத்தில் நட்டமே மிஞ்சுகிறது. தொழிற்சாலைப் பெட்டி முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. அதைக் கழற்றிப் போட்டு, பானெட்டுக்குள் மொட்டையாக ஒரு ஃபில்டரைச் செருகினால், அது ரேடியேட்டர் கக்கும் சூட்டைத்தான் குடிக்கும். ஈப்போவில் வெளியே 33 டிகிரி இருக்கும் மதியத்தில் நெரிசலில் நின்றால் பானெட்டுக்குள் 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 8 விழுக்காடு குறைகிறது. ஃபில்டர் கூட்டித் தருவதாகச் சொன்ன பலத்தைவிட அதிகம் இங்கே பறிபோகிறது. ஆனால் உறிஞ்சும் ஓசை மட்டும் காதுக்கு அருகில் கேட்கும். கார் துள்ளுவதுபோல் தோன்றும். காது சொல்வதைக் கால் நம்பிவிடுகிறது.

எக்ஸாஸ்டும் அப்படித்தான். குழாயின் விட்டத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் புகையின் வேகம் குறைந்து, தாழ்ந்த சுற்றுகளில் எஞ்சின் சோர்ந்துபோகும். லாபம் ஏதாவது இருந்தால் அது 5,000 சுற்றுக்கு மேலே இருக்கும். வேலைக்குப் போகும் கார் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை 1,500 முதல் 3,500 சுற்றுக்குள் கழிக்கிறது. தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து ஈப்போ நகரத்துக்கு வரும் வழியில் 5,000 சுற்றைத் தொட இடம் எங்கே இருக்கிறது?

இதற்கு மிக நல்ல பாடம் பேராக் மண்ணிலேயே நடந்திருக்கிறது. தஞ்சோங் மாலிம் புரோட்டோன் ஆலையில் தயாராகி 2004இல் வெளிவந்த ஜென்-2 காரில், புரோட்டோனின் சொந்த கேம்ப்ரோ எஞ்சின் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன், 148 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டியவர்களோ நெரிசலிலும் மேட்டிலும் கார் "செத்துப்போகிறது" என்றார்கள். ஏறத்தாழ 2,500 சுற்றை ஒட்டி முறுக்குவிசை ஒரு பள்ளத்தில் விழுந்து, பிறகு எழுந்தது. அன்றாடம் கால் வைக்கும் இடத்திலேயே அந்தப் பள்ளம். சந்தையில் அப்போதும் அதற்கு எக்ஸாஸ்ட் மாற்றச் சொன்னவர்கள் உண்டு. புரோட்டோன் பொறியாளர்கள் வேறு இடத்தில் கை வைத்தார்கள். எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயின் நீளத்தைச் சுற்றுக்கு ஏற்ப மாற்றும் அமைப்பை 2008 வாக்கில் கொண்டுவந்தார்கள். தாழ்ந்த சுற்றில் நீண்ட வழி, உயர்ந்த சுற்றில் குறுகிய வழி. குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓடும் காற்றலைகள் வால்வு திறக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து சேரும்படி செய்ததால் அந்தப் பள்ளம் பெருமளவு தூர்ந்தது. டர்போ இல்லாமல், கூடுதல் சத்தம் இல்லாமல், அன்றாட ஓட்டத்துக்காகவே செய்த மாற்றம் அது. ஒரு சின்ன எஞ்சினை மேம்படுத்த விரும்புகிறவர்கள் உச்சக் குதிரைத்திறனைக் கேட்பதை விட்டுவிட்டு, 2,500 சுற்றில் எவ்வளவு முறுக்குவிசை என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம், பேட்டரியில் மாட்டும் வண்ண வயர்கள், காற்றைச் சுழற்றிவிடும் பிளாஸ்டிக் துண்டு ஆகியவற்றைப் பற்றி அதிகம் பேசவே தேவையில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எரிபொருளைச் சேமிப்பதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்தது. மிகச் சிலவே, அதுவும் சிறிதளவே, பயன் தந்தன. 95க்கு வடிவமைத்த எஞ்சினில் 97 ஊற்றுவதும் வீண். ஆக்டேன் எண் என்பது பெட்ரோல் தட்டலைத் தாங்கும் திறனைக் குறிப்பது. அதற்குள் கூடுதல் பலம் ஒளிந்திருக்கவில்லை. 2025 செப்டம்பர் இறுதியில் வந்த பூடி95 திட்டத்தில் குடிமக்களுக்கு 95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி. அதை விட்டு மூன்று வெள்ளிக்கு மேல் கொடுத்து 97 அடிப்பதற்கு ஆக்சியாவில் எந்தக் காரணமும் இல்லை.

அப்படியானால் என்னதான் செய்வது? கார் ஷோரூமை விட்டு வந்த நாளில் இருந்த பலம் இன்று இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பத்து வருடம் ஓடிய காரில் பெரும்பாலும் இருக்காது. செம்பனை லோரிகள் ஓடும் மண்சாலையில் தினமும் போய்வரும் காரின் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் தெரியும். வெள்ளையாக இருந்த மடிப்புத்தாள் செங்கல் நிறத்தில் இருக்கும். தட்டினால் செம்மண் பொடி கொட்டும். மூலையில் காய்ந்த இலை, சில சமயம் எலி கடித்த பஞ்சு. குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டால் த்ராட்டில் தகட்டின் விளிம்பில் தார்போல் கறுப்புப் படிவம் ஒட்டும். ஒரு டப்பா கிளீனர், பழைய துணி, அரைமணி நேரம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருக்கும். மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு மூன்றே பிளக். பிரேக் காலிப்பர் இறுகிப்போய்ச் சக்கரத்தை எப்போதும் உரசிக்கொண்டே இருப்பதும் பழைய கார்களில் சாதாரணம். எஞ்சின் அந்தச் சக்கரத்தோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறது. இவற்றையெல்லாம் சரிசெய்ய ஆகும் செலவு, பளபளக்கும் எக்ஸாஸ்டின் விலையில் ஒரு பகுதிதான். ஆனால் மேட்டில் வித்தியாசம் உடனே தெரியும்.

எடையைக் குறைப்பதற்கோ காசே வேண்டாம். ஏறத்தாழ 850 கிலோ எடையுள்ள காரின் பின்னால் 30 கிலோ ஸ்பீக்கர் பெட்டியைச் சுமந்தபடி பிக்கப் இல்லை என்று புகார் சொல்லிப் பயனில்லை. ஓட்டுநரையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்தப் பெட்டியை இறக்குவது இரண்டு குதிரைத்திறனைக் கூட்டியதற்குச் சமம். ரிம் கணக்கு இன்னும் கறாரானது. 175/65 அளவு 14 அங்குல டயரின் விட்டம் 583 மில்லிமீட்டர். அதை 195/50 அளவு 16 அங்குலமாக மாற்றினால் 601. ஒவ்வொரு கியரும் மூன்று விழுக்காடு நீண்டுபோனதற்குச் சமம் இது. சக்கரமும் கனமாகிறது, கனத்த சக்கரத்தைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் உழைப்பு. பிக்கப்புக்காக வந்தவனிடம் பிக்கப்பைக் குறைக்கும் பொருளை விற்கும் வேலை இது.

மிச்சப் பணம் டயருக்கும் பிரேக்குக்கும் போகட்டும். ஈப்போவில் மாலை மழை கொட்டாத வாரம் குறைவு. மொட்டையான டயரோடு ஈரச் சாலையில் 90இல் போகும் காருக்குக் கூடுதல் குதிரைத்திறன் ஆபத்தைத்தான் கூட்டும். கேமரனிலிருந்து இறங்கும்போது பிரேக் மிதி தொய்வதை உணர்ந்தவர்களுக்கு, ஈரம் உறிஞ்சிய பிரேக் எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை.

உண்மையான வேகம் வேண்டும் என்கிறவர்களின் வழி வேறு. அதன் பெயர் ஹாஃப் கட். ஜப்பானில் கழித்துப்போட்ட கார்களின் முன்பாதியை இறக்குமதி செய்து, அதன் டர்போ எஞ்சினைக் கஞ்சிலுக்குள் இறக்கும் கலை மலேசியாவில் நெடுநாளாக இருக்கிறது. 1994 முதல் 2009 வரை தயாரான கஞ்சில், டைஹாட்சு மீராவின் வழி வந்தது. மீராவின் 660 சிசி டர்போ எஞ்சின் அதற்குள் ஏறக்குறைய இயல்பாகவே உட்காரும். 64 குதிரைத்திறன், இறகுபோன்ற உடம்பு. எந்த வரைபடமும் இல்லாமல் வயர் வயராகத் தொட்டுப் பார்த்து அதை ஓடவைக்கும் பையன்களின் மூளையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காரின் பிரேக்கும் தகடும் அந்த வேகத்துக்காகப் பிறந்தவையல்ல. சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் வாகனச் சோதனையும் இல்லாமல் எஞ்சினை மாற்றினால், பதிவுச் சான்றான கிராண்டில் உள்ள எண் ஒன்று, பானெட்டுக்குள் இருக்கும் எண் வேறொன்று. பெயர் மாற்றச் சோதனையில் அது அகப்படும். விபத்து நடந்தால், மாற்றத்தைத் தெரிவிக்காத காருக்கு இழப்பீடு தர இன்சூரன்ஸ் மறுக்கலாம். மோதலில் நொறுங்கிய காருக்கு இன்னும் தவணை பாக்கி இருந்தால், அதையும் கட்டத்தான் வேண்டும்.

இந்தக் குழப்பத்தில் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. கார் மாற்றங்களை ஆள்வது இன்றும் 1959ஆம் ஆண்டின் மோட்டார் வாகன அமைப்பு, பயன்பாட்டு விதிகள். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம். அதே ஆண்டு வந்த வாகன இரைச்சல் விதிகள். எது கூடும், எது கூடாது என்பதைச் சம்மன் வந்த பிறகுதான் பலர் தெரிந்துகொள்கிறார்கள். ஜெர்மனியில் ஒப்புதல் பெற்ற உதிரிபாகங்கள் தமக்குரிய சான்றிதழோடு விற்கப்படுகின்றன. அந்தக் காகிதத்தைக் காட்டினால் போலீஸ்காரர் வழிவிடுவார். இங்கேயும் எக்ஸாஸ்ட், ரிம், ஸ்பிரிங் ஆகிய மூன்றுக்கு மட்டுமாவது அப்படி ஒரு முறையைக் கொண்டுவரலாம். விதிகளை மலாயோடு தமிழிலும் சீனத்திலும் ஒரே பக்கத்தில் அச்சிட்டுப் பட்டறைச் சுவர்களில் ஒட்டலாம். ஹாஃப் கட் எஞ்சினைப் பொருத்தத் தெரிந்த பையனை மலேசியத் திறன் சான்றிதழ் தேர்வுக்கு அழைத்துப்போய், அவன் கையில் ஏற்கெனவே இருக்கும் வித்தைக்கு நிலை 2, நிலை 3 என்று காகிதம் வாங்கித் தரலாம். இந்த வேலையைத் தோட்டப்புறத் தமிழர் அமைப்புகள் கையில் எடுத்தால் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. பட்டறை முதலாளிகளோ, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எஞ்சின் பலத்தை அளக்கும் டைனோவில் ஏற்றி எடுத்த இரண்டு தாள்களை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு பணம் கேட்கட்டும்.