மீண்டும் பயிலல்

புதிய நூல்களை நாடுதல் நன்றே. ஆயினும், ஆண்டில் ஒரு திங்களையேனும், முன்பு விரும்பிக் கற்ற நாடகங்களையும் புதினங்களையும் மீண்டும் பயில ஒதுக்குதல் வேண்டும். அறிந்த கதையை மறுபடியும் படித்தல் வீண் என்பர் சிலர். அது பொருந்தாது.

முதன்முறை படிப்போர் கதையின் முடிவை நோக்கி விரைவர். முடிவை அறிந்தவரோ மாந்தரின் உள்ளத்தை நோக்குவர். சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ என்னும் நாடகத்தை மறுமுறை பயில்வோர், அமைச்சன் குடிலனின் ஒவ்வோர் இன்சொல்லிலும் வஞ்சகத்தின் வேரைக் காண்பர். கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ காட்டும் பெரிய பழுவேட்டரையரை இளைஞர் முதலில் சூழ்ச்சிக்காரர் என வெறுப்பர். மறுமுறையோ, 64 விழுப்புண் தாங்கிய அம்முதியவர் ஏமாற்றப்பட்டமை கண்டு இரங்குவர்.

பழுவேட்டரையர் குலத்தாரின் பழுவூர், அரியலூர் மாவட்டத்தில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர் என இன்று வழங்குகின்றது. அங்குள்ள கோயிற் கல்வெட்டுகள் அக்குலத்தாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பெரம்பலூர், அரியலூர் மாணவர் அவற்றைக் கண்டுவந்து நூலை மீண்டும் பயின்றால், வரலாறு எது, கற்பனை எது எனத் தெளிவர்.

ஒருமுறை கண்ட அளவில் எவரையும் தீயவர் எனத் துணியாத பண்பே மறுபயிற்சி தரும் பெரும்பயன். அப்பண்பு ஏட்டுக்கு மட்டுமன்றி, வாழ்வுக்கும் உரியதன்றோ?