சிறிய விமானமும் பெரிய கணக்கும்

ஒரு பொருளைச் செய்தல் வேறு. அதனைச் செய்தற்குரிய படத்தை வரைதல் வேறு. முன்னதற்குக் கைத்திறன் போதும். பின்னதற்குக் கையும் கண்ணும் கணக்கும் ஒருங்கே வேண்டும். பறக்கவல்ல மாதிரி விமானங்களைச் செய்வதில் இந்நாளில் மாணவர் பலர் ஆர்வங் கொண்டுள்ளனர். இது மகிழ்தற்குரியதே. ஆயினும் பிறர் வரைந்த படத்தை விலைக்கு வாங்கியோ, பகுதிகளெல்லாம் முன்னமே வெட்டி அடைக்கப்பெற்ற பெட்டியொன்றை வருவித்தோ, ஒட்டி முடித்தவுடன் மனநிறைவு கொள்வார் பலர். மெய்யான விமானமொன்றின் மாதிரியைச் செய்யப் புகும் மாணவன் அதன் அளவுப்படத்தைத் தானே வரைதல் வேண்டும் என்பது எமது கருத்து. அதற்குரிய காரணங்களை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

விருதுநகர் மாவட்டத்தில் வாழும் நமக்குப் படத்தைப் பெருக்குதலும் சுருக்குதலும் புதியன அல்ல. சிவகாசி அச்சகங்களில், சுவரில் தொங்கும் நாட்காட்டிப் படத்தைத் தீப்பெட்டியின்மேல் ஒட்டும் சீட்டளவாகச் சுருக்குதல் எளிய செயல். அதனாற் படத்திற்கு யாதொரு குறையும் நேர்வதில்லை. ஏனெனில் படம் தாளின்மேற் கிடப்பது, காற்றில் எழவேண்டுவதன்று. விமானமோ அத்தகையதன்று. அதனை எட்டிலொரு பங்காகச் சுருக்கினாலும், அதனைத் தாங்கும் காற்று உடன் சுருங்குவதில்லை. அளவுப்படக் கலையின் அருமை முழுதும் இவ்வொரு செய்தியில் அடங்கியுள்ளது.

ஓர் உதாரணங் காட்டுவோம். பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் வி. எம். காட்கே அவர்கள் தலைமையில் வகுக்கப்பெற்ற எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானம் 1951ஆம் ஆண்டில் முதன்முதற் பறந்தது. அதன் இறக்கை ஒரு நுனியினின்று மறுநுனிவரை ஏறத்தாழ 10.72 மீட்டர்; நீளம் 7.53 மீட்டர், இறக்கையின் பரப்பு 16 சதுர மீட்டர், புறப்படும்போது எடை 1,016 கிலோகிராம். இதனை எட்டிலொரு பங்காக வரைவோமாயின், இறக்கை 134 சென்டிமீட்டரும் நீளம் 94 சென்டிமீட்டரும் ஆகும். பரப்போ எட்டிலொரு பங்கன்று. அறுபத்துநான்கில் ஒரு பங்காகிய கால் சதுர மீட்டர். எடையோ ஐந்நூற்றுப் பன்னிரண்டில் ஒரு பங்கு. அஃதாவது இரண்டு கிலோகிராமுக்குச் சற்றே குறைவு. இக்கணக்கை அறியாத மாணவன் கனத்த மரத்தையும் மிகுந்த பசையையும் இட்டு, மாதிரியை நான்கு கிலோவாக்கி விடுகின்றான். எடை இருமடங்காயின், விழாமற் பறத்தற்கு வேண்டிய வேகம் 1.4 மடங்காகும். வேகம் மிகுந்தால் தரையிறங்குகையில் மாதிரி நொறுங்கும். குற்றம் மரத்தினதன்று, வரையாமல் விட்ட கணக்கினது.

இன்னுமொன்று. மான்செஸ்டரில் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் என்னும் பேராசிரியர் 1883ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியினின்று ஓர் எண் பிறந்தது. ஓடும் பொருளின் அளவையும் வேகத்தையும் திரவம் அல்லது காற்றின் பிசுபிசுப்போடு ஒப்பிட்டுக் காட்டுவது அவ்வெண். நாம் கூறிய மாதிரி தனக்குத் தகுந்த குறைந்த வேகத்திற் பறக்கையில், அதற்குரிய ரெனால்ட்ஸ் எண் பெரிய விமானத்தின் எண்ணில் ஏறத்தாழ இருபத்திரண்டில் ஒரு பங்கே ஆகும். சிறிய இறக்கைக்குக் காற்றே தடித்துவிட்டது போலாம். ஆதலின் பெரிய விமானத்து இறக்கையின் வெட்டுமுகத்தை அப்படியே சுருக்கினால் அது சிறியதற்கு நன்கு உதவாது. வேறு வெட்டுமுகம் தேர்தல் வேண்டும். வாற்சிறகையும் சிறிது பெருக்க நேரிடலாம். இவ்வாறு மூலத்தினின்று விலகும் இடந்தோறும், விலகியது எவ்வளவு, எதனால் என்று படத்தின் ஓரத்தில் எழுதிவைத்தலே நேர்மை. பார்வைக்கு ஒத்திருத்தல், பறத்தல் என்னும் இரண்டினிடையே எதனை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று ஆராய்ந்து முடிவு செய்யும் பயிற்சியை, வாங்கிய படம் ஒருகாலும் அளிக்காது.

இனி, வரையும் முறை. நூல்களில் மேல்நோக்கு, பக்கநோக்கு, முன்நோக்கு என மூன்று படங்கள் கிடைக்கும். அவற்றை அப்படியே பெருக்கிக்கொள்ளுதல் தவறு. எழுபத்திரண்டில் ஒரு பங்கான படத்தில் அரை மில்லிமீட்டர்த் தடிப்புள்ள கோடு, எட்டிலொரு பங்காகப் பெருக்கப்படும்போது நான்கரை மில்லிமீட்டர் ஆகிவிடும். மெய்யான விளிம்பு அக்கோட்டின் எப்புறத்தில் உள்ளதென யார் கூறவல்லார்? ஆதலின் வெளியிடப்பட்ட அளவெண்களையே முதலாகக் கொண்டு, நடுக்கோடு ஒன்று கிழித்து, அதன்மேல் ஒவ்வோர் இடத்து வெட்டுமுகத்தையும் குறித்து, விலாக்களை ஒவ்வொன்றாக வரைதல் வேண்டும். இறுதியில் எடையின் நடுநிலை வீழும் புள்ளியைக் குறித்தல் வேண்டும். அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் காற்பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடையில் அமைதல் பெரும்பாலும் நலம். ராக்கெட் வாணத்தின் குச்சியை மிகவும் ஒடித்துவிட்டால் அது நேரே எழாது தாறுமாறாகச் சுழலும் என்பது சிவகாசிச் சிறுவரும் அறிந்தது. அவ்வறிவையே விமானத்தில் எண்ணாக எழுதுகின்றோம்.

நம்மைப்போல் மிஷன் கல்லூரியிற் பயின்ற ஒருவரின் வரலாறு இங்கு நினைவுக்கு வருகின்றது. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் பௌதிகம் கற்ற அப்துல் கலாம் அவர்கள், பின்னர்க் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பயின்றார். ஆங்கு ஒரு தாக்கு விமானத்தின் வடிவத்தை வரையும் பணி அவர்க்கு வாய்த்தது. பணி திருப்தியாக இல்லையென்று கண்ட பேராசிரியர் சீனிவாசன், மூன்றே நாளில் முடிக்காவிடில் உபகாரச் சம்பளம் நிறுத்தப்படும் என்றார். கலாம் உணவையும் உறக்கத்தையும் விட்டு வரைபலகையை விட்டகலாதிருந்து முடித்தார். அக்காலத்தில் அவர் நமது விமானத்தை நாமே செய்வோம் என்னும் பொருள்பற்றித் தமிழிற் கட்டுரையெழுதி, ஆனந்த விகடன் தேவன் அவர்களிடம் முதற்பரிசும் பெற்றார். வரைபலகையும் தாய்மொழியும் ஒருவரிடத்தே சேர்ந்து நின்றமையை நம் மாணவர் கருதுவாராக.

கணிப்பொறி வரைந்து தரும் காலத்தில் இஃது எதற்கு என்பார் உளர். கணிப்பொறியை யாம் வெறுக்கவில்லை. கோட்டை அது கிழிக்கட்டும். எந்த எண்ணைக் கொடுப்பது, எதனை மாற்றுவது என்னும் முடிவு மாணவனுடையதாக இருக்கட்டும். நேரம் இல்லை என்பார்க்கு, நொறுங்கிய மாதிரியைத் திரும்பச் செய்ய ஆகும் நேரத்தைக் கணக்கிடுமாறு கூறுவோம்.

இம்மாவட்டத்திற்கென ஓர் எச்சரிக்கையும் உண்டு. வாணமருந்து புழங்கும் ஊர்களில், அதனை மாதிரி விமானத்தில் அடைத்துப் பார்க்கும் ஆசை எழுதல் கூடும். அது அடியோடு விலக்கத்தக்கது. 2012ஆம் ஆண்டு முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறத்தலாகாது. ரப்பர் முறுக்கும் சிறு மின்மோட்டாரும் நமக்குப் போதும்.

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா சென்றது தீப்பெட்டிகளை வாங்கிவந்து விற்பதற்கன்று; அவற்றைச் செய்யும் முறையைக் கற்றுவருவதற்கே. அவ்வேறுபாட்டின்மேல் ஓர் ஊரே எழுந்தது. ஆதலின் கல்லூரிக்கு எமது விண்ணப்பம் இது: மாதிரி விமானப் பெட்டிகளை வாங்கக் கருதும் பணத்தில், முதலில் நல்ல வரைபலகைகள் சிலவற்றை வாங்குக. மாணவர்க்கு எமது வேண்டுகோளும் இதுவே: முதல் மாதிரி பறவாவிடினும் கவலற்க, அதன் படம் உங்களுடையதாக இருக்குமாயின், அது பறவாத காரணத்தை அப்படத்திலேயே கண்டறிவீர்கள்.