காத்தலும் காத்திருத்தலும்

இங்கிலீஷ் பாஷையில் 'வெயிட்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. அதன் அர்த்தம் தெரியாதவர் நம் நேயர்களில் ஒருவரும் இரார். ரயிலுக்கு வெயிட் செய்கிறோம். டாக்டர் வீட்டு வாசலில் வெயிட் செய்கிறோம். இதே ஓசையுடன், எழுத்தில் மாத்திரம் வேறுபட்ட இன்னொரு சொல்லுக்கு அந்தப் பாஷையில் 'பாரம்' என்று பொருள். டாக்டர் வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவர்கள், இரண்டு சொல்லும் ஒன்றேதான் என்று சாதித்தால் நாம் மறுக்கமாட்டோம்.

ஆனால் இச்சொல்லின் பூர்வோத்தரம் வேறு. 'வெயிட்' இங்கிலீஷுக்குச் சொந்தப் பிள்ளையல்ல, சுவீகாரப் பிள்ளை. சுமார் 1200-ஆம் ஆண்டையொட்டி வட பிரான்ஸ் தேசத்துப் பேச்சிலிருந்து வந்து சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்களோ அதை ஜெர்மானிய வழக்கிலிருந்து பெற்றார்கள். காவலைக் குறிக்கும் 'வாட்ச்', விழித்தலைக் குறிக்கும் 'வேக்' ஆகிய சொற்கள் அதற்கு நெருங்கிய பந்துக்கள். ஆகவே, ஆதியில் அதன் பொருள் சும்மா உட்கார்ந்திருப்பதன்று. விழிப்புடன் காவல் இருப்பதே.

அப்பழைய பொருளின் அடையாளங்கள் அடியோடு அழிந்துவிடவில்லை. பகைவனைத் தாக்கப் பதுங்கியிருப்பதை இன்றும் 'லை இன் வெயிட்' என்கிறார்கள். அங்கே தூக்கத்துக்கு இடம் ஏது? முற்காலத்து இங்கிலீஷ் நகரங்களில் இரவிலே குழல் ஊதிக் காவல் புரிந்தவர்களுக்கு 'வெயிட்ஸ்' என்று பெயர். பிற்பாடு அவர்கள் நகரத்தின் வாத்தியக்காரர்கள் ஆனார்கள்; 1835-ஆம் வருஷத்து நகரசபைச் சட்டத்தோடு அந்த உத்தியோகம் மறைந்தது. அலையேற்றத்தோடு வரும் கப்பல்களை எதிர்நோக்கி நின்ற சுங்கச் சேவகருக்கு 'டைட் வெயிட்டர்' என்று பெயர்.

இச்சொல்லுடன் சேரும் சிறு சொல்லை மாற்றினால் பொருளும் மாறிவிடும். 'வெயிட் ஃபார்' என்றால் ஒருவருக்காகக் காத்திருத்தல்; 'வெயிட் ஆன்' என்றால் அவருக்குப் பணிவிடை செய்தல். ஹோட்டலில் பரிமாறுகிறவர் 'வெயிட்டர்' ஆனது இந்த இரண்டாவது பொருளினால்தான். கூட்டமான வேளையில் உண்மையில் வெயிட் செய்கிறவர் அவரா, நாமா என்பது வேறு விஷயம்! 'அவெயிட்' என்னும் சொல்லுக்கோ எந்தத் துணைச் சொல்லும் வேண்டியதில்லை. 'அவெயிட் ஃபார்' என்று எழுதும் மாணாக்கர்கள் இதைக் கவனிப்பார்களாக.

இங்கிலீஷில் அகராதியைப் புரட்டித் தேடவேண்டிய இந்த உண்மை, நம் தமிழில் சொல்லுக்குள்ளேயே வெளிப்படையாக விளங்குகிறது. 'காத்திரு' என்பதில் 'காத்து' என்பதும் 'இரு' என்பதும் சேர்ந்திருக்கின்றன. காவல், காப்பு, காவலன் ஆகியவை பிறந்த அதே வேர்தான். ஒன்றைக் காத்துக்கொண்டு இருப்பதே காத்திருத்தல். எதையும் காவாமல் வெறுமே இருந்தால் அது 'இருத்தல்' மாத்திரமே.

இந்த வித்தியாசத்தை உலகம் கண்ட இடம் ஒன்று உண்டு. 1893-ஆம் வருஷம் ஜூன் மாதம், தென்னாப்பிரிக்காவில் முதல் வகுப்பு டிக்கெட்டுடன் பிரயாணம் செய்த இருபத்து மூன்று வயது இந்திய பாரிஸ்டர் ஒருவரை, நிறத்தின் காரணமாகப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் இறக்கிவிட்டார்கள். கடுங்குளிர். அவருடைய மேலங்கி ரயில்வே அதிகாரிகளிடம் சிக்கிய மூட்டையில் இருந்தது. அதைக் கேட்டால் மறுபடியும் அவமதிப்பு நேருமோ என்று கேளாமலே, 'வெயிட்டிங் ரூ'மில் நடுங்கிக்கொண்டு இரவைக் கழித்தார். தாயகம் திரும்புவதா, நின்று போராடுவதா என்று யோசித்தார். ஓடிப் போவது கோழைத்தனம் என்று தீர்மானித்து, மறுநாள் மேலே பிரயாணமானார். காந்தியடிகள் அன்றிரவு காத்தது அடுத்த ரயிலை மாத்திரம் அன்று. தம்முடைய மானத்தையும், தம் ஜனங்களின் மானத்தையும் காத்தார்.

இலவு காத்த கிளியும் காத்துத்தான் இருந்தது. ஆனால் எதைக் காக்கிறோம் என்பதை அது அறியவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளிடம் நாம் "சற்றுக் காத்திரு" என்று சொல்லும்போதெல்லாம், எதற்காக என்பதையும் கூடவே சொல்லிவிடுவது நலம்.